ராமேஸ்வரத்தின் பின்கோடு 623526: இந்த எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போயும் போயும் ஒரு பின்கோடை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?

ராமநாதபுரம் கடற்கரையோரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். காரணிப்படுத்தச் சொன்னால் பாடப்புத்தகத்தில் 36, 72, 144 என்று சொன்னபடி கேட்கும் எண்களாகவே வருகின்றன. ஆறு இலக்க எண்ணைப் பார்த்ததும் பேனா நின்றுவிடுகிறது. அதனால் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பெரிய எண்ணிலிருந்தே தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். முகவரி எழுதத் தெரிந்த எல்லோருக்கும் பின்கோடு தெரியும். கையில் பேனாவும் தாளும் இருந்தால் அந்த எண்ணைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அந்த ஆறு இலக்கங்களுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறதே?

இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 முதல் நாட்டில் இந்த முறை நடப்பில் உள்ளது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் (623) தபால் பிரிக்கப்படும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்துக்கு உரியவை. அது தபால்காரருக்கு வேண்டிய பொருள். எண் என்ற முறையில் அதற்கு இருக்கும் குணங்கள் வேறு. தபால் துறை அவற்றைப் பார்த்து எண் கொடுக்கவில்லை. கீழே சில ஒற்றுமைகள் வரும். எல்லாம் தற்செயல்தான், ஆனாலும் அழகானவை.

623526-இன் காரணிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

சின்னப் பகா எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். கடைசி இலக்கம் 6, ஆகவே இரட்டைப்படை. 2-ஆல் வகுத்தால் 311763. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 21, ஆகவே 3-ஆல் வகுபடும். வகுத்தால் 103921.

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். 103921-ஐப் பார்த்தால் பகா எண் போலவே இருக்கும். இலக்கக் கூடுதல் 16, ஆகவே மீண்டும் 3 போகாது. 5 போகாது. 7-ஆல் வகுத்தால் மீதி 6. 11-உம் போகாது. 13 கையருகே வந்து தப்பிவிடுகிறது: 13 × 7994 = 103922, ஒன்றே ஒன்று அதிகம். அடுத்தது 17. இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. கடைசி இலக்கத்தை 5-ஆல் பெருக்கி, மிச்ச எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும்.

10392 − 5 = 10387
1038 − 35 = 1003
100 − 15 = 85

85 என்பது 17-இன் ஐந்து மடங்கு. ஆகவே 103921-உம் 17-ஆல் வகுபடும். ஈவு 6113.

இனி 6113. இதன் வர்க்கமூலம் 78-ஐச் சற்றுத் தாண்டும். ஓர் எண் இரண்டாகப் பிரிந்தால் அந்த இரண்டில் ஒன்றாவது வர்க்கமூலத்துக்குள் இருந்தாக வேண்டும். இரண்டுமே அதைத் தாண்டினால் பெருக்கல்பலன் எண்ணையே மிஞ்சிவிடும். ஆகவே 73 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் போகவில்லை. 6113 பகா எண்.

விடை: 623526 = 2 × 3 × 17 × 6113.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

நான்கு பகாக் காரணிகளும் வெவ்வேறு, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஒரு வகுத்தியை அமைக்கும்போது ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். அப்படியானால் 2 × 2 × 2 × 2 = 16 வகுத்திகள்: 1, 2, 3, 6, 17, 34, 51, 102, 6113, 12226, 18339, 36678, 103921, 207842, 311763, 623526. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பட்டியலை மறந்தாலும் பரவாயில்லை, எண்ணும் முறையை மறக்கக் கூடாது.

பாம்பன், கீழக்கரை, ராமநாதபுரம் எண்களும் இதே வகையா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு ஆசையாக இருக்கும். விடையைப் பாருங்கள்.

பாம்பன், 623521: பகா எண்.
ராமநாதபுரம், 623501 = 421 × 1481: இரண்டு பகா எண்கள்.
கீழக்கரை, 623517 = 3 × 307 × 677: மூன்று பகா எண்கள்.
ராமேஸ்வரம், 623526 = 2 × 3 × 17 × 6113: நான்கு பகா எண்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! ஒரே கடற்கரையில் நான்கு ஊர். முதல் மூன்று இலக்கங்களும் ஒன்றே, எண்களுக்கு இடையே அதிகபட்ச வித்தியாசம் 25. ஆனாலும் நான்கும் நான்கு வகை. நான்கிலும் எந்தப் பகா எண்ணும் இரண்டாம் முறை வரவில்லை. இப்படிப்பட்ட எண்களை வர்க்கக் காரணி இல்லாதவை என்பார்கள். முழு எண்களில் நூற்றுக்குச் சுமார் 61 இந்த வகையைச் சேர்ந்தவை, ஆகவே அது அபூர்வம் இல்லை. தங்கச்சிமடம் (623529) அதில் சேராது. அதன் இலக்கக் கூடுதல் 27, ஆகவே 9-ஆல் வகுபடும், அதாவது 3 இரண்டு முறை வந்துவிடுகிறது.

வெளித்தோற்றத்தை வைத்து எண்ணின் வகையைச் சொல்லிவிட முடியாது என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் நம்புவதில்லை. இந்த நான்கு எண்களைக் கரும்பலகையில் எழுதி வைத்தால் நம்புகிறார்கள்.

பாம்பனின் எண் பகா எண் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி நேரடியாக வகுப்பது. 789-இன் வர்க்கம் 622521, 790-இன் வர்க்கம் 624100. 623521 இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் 789 வரையுள்ள பகா எண்கள் போதும். அவை 138. வகுப்பில் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். 71 வாங்கியவருக்கு ஒன்று இடிக்கும்: 71 × 8782 = 623522. 433 வாங்கியவருக்கு ஒன்று மிஞ்சும்: 433 × 1440 = 623520. மிக அருகில் வந்ததால் போனது என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஒன்று மிஞ்சினாலும் அது வகுபடவில்லைதான்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. 1640-இல் ஃபெர்மா ஒரு கடிதத்தில் எழுதியதை அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார்: 4-ஆல் வகுத்தால் 1 மீதி வரும் பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு வழியில்தான். இதைத் திருப்பியும் சொல்லலாம். ஓர் ஒற்றைப்படை எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அந்த இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிர பொதுக் காரணி இல்லை என்றால், அது பகா எண்ணேதான் (0-இன் வர்க்கத்தையும் வழிகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும்).

623521 = 620² + 489²

384400-உம் 239121-உம் கூட்டிப் பாருங்கள். இதைத் தவிர வேறு வழி கிடையாது. அதைச் சரிபார்க்க ஒரு பொழுது ஆகும், ஆனால் வகுத்தலே தேவையில்லை, கழித்து வர்க்கமா என்று பார்த்துக்கொண்டே வந்தால் போதும். வழியில் ஏமாற்றங்கள் வரும். 468-இல் கிட்டத்தட்டப் பிடித்துவிட்டோம் என்று தோன்றும்: 636²-ஐக் கழித்தால் 219025 மிஞ்சும், 468²-ஓ 219024.

ராமநாதபுரத்தின் எண்ணுக்கும் அப்படி எழுத முடியுமா?

முடியும், இரண்டு வழிகளில்:

623501 = 749² + 250² = 730² + 301²

இரண்டு வழி கிடைத்த உடனேயே இது பகா எண் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. அதோடு, இந்த இரண்டு வழிகளிலிருந்தே காரணியையும் வெளியே எடுக்க ஆய்லர் ஒரு முறை சொல்லியிருக்கிறார். ஒற்றைப்படை எண்கள் இரண்டையும் (749, 301) ஒரு பக்கம் வையுங்கள், இரட்டைப்படை எண்கள் இரண்டையும் (730, 250) இன்னொரு பக்கம் வையுங்கள். கழித்தால் 448, 480. இவற்றின் மீ.பெ.கா. 32, அதில் பாதி 16. கூட்டினால் 1050, 980. இவற்றின் மீ.பெ.கா. 70, அதில் பாதி 35. இனி 16² + 35² = 256 + 1225 = 1481.

623501-ஐ 1481-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் 421 வரும். முதல் தடவை இதைச் செய்து பார்ப்பவர்கள் விடை வந்ததும் மறுபடி சரிபார்ப்பார்கள், அவ்வளவு சுலபமாக வந்துவிடும்.

ராமேஸ்வரத்துக்கும் கீழக்கரைக்கும் இந்த முறை செல்லாது. இரண்டிலும் 3 ஒரே ஒரு முறை காரணியாக வருகிறது. ஒரு வர்க்கத்தை 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1தான். இரண்டு வர்க்கங்களைக் கூட்டி 3-இன் மடங்கு வர வேண்டுமானால் இரண்டு மீதியும் 0 ஆக வேண்டும். அப்போது கூடுதல் 9-ஆலும் வகுபட்டாக வேண்டும். இந்த இரண்டு எண்களும் 9-ஆல் வகுபடாது.

மிகை எண், குறை எண் என்கிறார்களே, 623526 அதில் எந்தப் பக்கம்?

மிகை எண். தன்னை விட்டுவிட்டு மற்ற 15 வகுத்திகளையும் கூட்டினால் 6,97,098 வருகிறது, எண்ணைவிட 73,572 அதிகம். கூட்டாமலே இதைச் சொல்லிவிடலாம். 6-ஆல் வகுபடும் எந்த எண்ணுக்கும் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய மூன்றும் வகுத்திகளாக இருக்கும். அந்த மூன்றையும் கூட்டினாலே எண் வந்துவிடும்:

311763 + 207842 + 103921 = 623526

இதற்கு மேல் 1 என்ற வகுத்தியைச் சேர்த்தாலே மிகைதான். ஆகவே 6-க்கு மேற்பட்ட 6-இன் மடங்குகள் எல்லாம் மிகை எண்கள். 6 மட்டும் 1 + 2 + 3 என்று சரியாக நிற்கும், அது நிறைவெண். பாம்பன், கீழக்கரை, ராமநாதபுரம் மூன்றும் குறை எண்கள். பாம்பனின் கூடுதல் வெறும் 1.

எங்கள் ஊர் எண்ணின் கூட்டு எண் 6. அது ராசியானதா?

623526-இன் இலக்கங்களைக் கூட்டினால் 24, மறுபடி கூட்டினால் 6. இது 9-ஆல் வகுத்தால் வரும் மீதி, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 10, 100, 1000 எல்லாமே 9-ஆல் வகுத்தால் 1 மீதி தருபவை, அதனால்தான் இலக்கங்களைக் கூட்டினால் மீதி கிடைத்துவிடுகிறது. ஒன்பதில் ஓர் எண்ணுக்கு இதே கூட்டு எண் வரும். கடை திறக்கவும் படகுக்கு எண் வாங்கவும் இதைப் பார்த்துப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லியே வருகிறேன். பெருக்கல் சரிபார்க்க மட்டும் இது உண்மையிலேயே உதவும்.

1729 மாதிரி இந்த எண்ணுக்கும் தனிப்பெருமை உண்டா?

ராமானுஜன் சொன்ன 1729, இரண்டு கனங்களின் கூடுதலாக இரு வழிகளில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது. அந்த ‘மிகச் சிறியது’தான் அதற்குப் பெருமை. ராமேஸ்வரத்தின் எண்ணுக்கு அப்படி எதிலும் முதலிடம் கிடையாது. ராமநாதபுரம் இரு வர்க்கங்களின் கூடுதலாக இரு வழிகளில் வருவதும் அப்படித்தான், அந்தக் குணம் 25-லேயே தொடங்கிவிடுகிறது (25 + 0, 16 + 9). ஆனால் 623526-க்கு ஓர் உறவு இருக்கிறது, அது அடுத்த கேள்வியில்.

கோல்ட்பாக் கணிப்பை இந்த எண்ணை வைத்து விளக்க முடியுமா?

2-க்கு மேற்பட்ட எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூடுதலாக எழுதலாம் என்பதுதான் கோல்ட்பாக் கணிப்பு. 1742-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இதன் விதை இருக்கிறது. கணினியில் மிகப் பெரிய எல்லை வரை சரிபார்த்துவிட்டார்கள், எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை.

623526 இரட்டைப்படை. அதிலிருந்து 3-ஐக் கழித்தால் 623523, இலக்கக் கூடுதல் 21, பகா எண் இல்லை. அடுத்து 5-ஐக் கழியுங்கள்:

623526 = 623521 + 5

ராமேஸ்வரம் = பாம்பன் + 5. இரண்டாவது முயற்சியிலேயே விடை, அதுவும் பாலத்துக்கு அந்தக் கரை ஊரல்ல, தீவின் மறுமுனையிலேயே இருக்கும் பாம்பன்! இந்த வரியைச் சொன்னால் கணக்கு வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கும் பிள்ளையும் ஒரு முறை எழுதிப் பார்க்கும்.

இரண்டு ஊர்ப் பின்கோடுகளின் மீ.பெ.கா.வை வேகமாக எடுக்க வழி உண்டா?

கழித்துப் பாருங்கள். பொதுக் காரணி எதுவானாலும் வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டும். ராமேஸ்வரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் வித்தியாசம் 25. இரண்டு எண்களும் 0-இலோ 5-இலோ முடியவில்லை, ஆகவே மீ.பெ.கா. 1. ராமேஸ்வரத்துக்கும் கீழக்கரைக்கும் வித்தியாசம் 9. இரண்டும் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. ஆகவே 3.

ஆறு இலக்கத்தில் பகா எண் கிடைப்பது அபூர்வமா?

இல்லை. ஆறு இலக்க எண்கள் 9,00,000. அவற்றில் 68,906 பகா எண்கள், ஏறக்குறைய பதின்மூன்றுக்கு ஒன்று. எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளி கூடும், ஆனாலும் பகா எண்கள் தீராது. இதுவரை கண்டுபிடிக்கப்பட்டதில் பெரியது 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து 1 குறைவு. 2024-இல் கிடைத்தது, 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. அதன் பக்கத்தில் நம் பின்கோடு மிகச் சிறியதுதான்.

இதனால் அன்றாட வாழ்க்கையில் என்ன பயன்?

421-ஐயும் 1481-ஐயும் கொடுத்துப் பெருக்கச் சொன்னால் ஒரு நிமிடம். 623501-ஐக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள். போவது சுலபம், திரும்புவது கடினம். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் இந்த வித்தியாசத்தை வைத்தே ஆர்எஸ்ஏ என்ற மறையீட்டு முறையை அமைத்தார்கள். இணையத்தில் வங்கித் தளங்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்வதில் அந்த முறை இன்றும் பயன்படுகிறது. அங்கே வரும் எண்கள் அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டவை, ஆனால் வகை ராமநாதபுரத்தின் வகைதான்: இரண்டு பகா எண்களின் பெருக்கல்.

கால்குலேட்டரில் போட்டால் எல்லாம் வந்துவிடாதா?

தாராளமாகப் போடுங்கள். வகுத்தலுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள், நேரம் மிச்சம். எங்கே தொடங்குவது, எந்த எண்ணோடு நிறுத்துவது, ஏன் நிறுத்தலாம் என்பதைத்தான் அது சொல்லாது. 789-ஓடு நிறுத்தலாம் என்று தெரியாத பிள்ளை கால்குலேட்டரை வைத்துக்கொண்டு 900 வரை போய்க் களைத்துவிடும்.

இரும எண்ணில் எழுதினால்?

10011000001110100110. இருபது இலக்கம், அதில் ஒன்பது 1. ஒற்றைப்படையாக 1 வருகிறது என்பதைத் தவிர இதில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

எங்கள் பக்கத்து வேறு எண்களையும் இப்படிப் பார்க்கலாமா?

பாருங்கள், அதற்குத்தான் இவ்வளவும். ராமநாதசுவாமி கோயில் மூன்றாம் பிரகாரத்தின் தூண்கள் 1212 என்று சொல்வார்கள்: 2 × 2 × 3 × 101, 6-இன் மடங்கு, ஆகவே மிகை எண். தீர்த்தங்கள் 22, அதாவது 2 × 11, ராமநாதபுரத்தின் வகை. பழைய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட 1914-ஐப் பிரித்தால் 2 × 3 × 11 × 29, ராமேஸ்வரத்தைப் போலவே நான்கு வெவ்வேறு பகா எண்கள். புதிய பாலம் திறக்கப்பட்ட 2025 ஒரு முழு வர்க்கம், 45 × 45. அப்துல் கலாம் ராமேஸ்வரத்தில் பிறந்த 1931 பகா எண். 1933-உம் பகா எண் என்பதால் அவை இரட்டைப் பகா எண்கள்.

தங்கச்சிமடத்தின் 623529-ஐ வேண்டுமென்றே பாதியில் விட்டிருக்கிறேன். 9-ஆல் வகுத்தால் 69281. அதன் வர்க்கமூலம் 263-ஐச் சற்றுத் தாண்டும், ஆகவே 263 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் முடிந்துவிடும். இலக்கக் கூடுதல் 26, 3 போகாது. 7-இலிருந்து தொடங்குங்கள்.